எந்த ஊர்ச் சட்டம்?

மூன்றாவது மேசையின் கணினித் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளைப் பற்றி உங்களில் நான்கு பேராவது என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் “கவனமாக வேலை செய் என்று அர்த்தம்” என்று சமாளித்தேன். அது பொய். அதில் இருப்பது “எந்த ஊர்?” என்ற இரண்டே சொற்கள். அதை நான் ஒட்டவில்லை. எனக்காக ஒட்டப்பட்டது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவனுக்குப் பொய்யைப் பராமரிக்க வேண்டிய தேவை இல்லை என்பதால் இதை எழுதுகிறேன். உங்களில் இருவருக்குத் தமிழ் வாசிக்க வரும். மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லட்டும். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை, குறைத்துச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. நம் வேலையின் விசித்திரம் இன்னும் உங்களுக்குப் பழகியிருக்காது. நம் அலுவலகம் இருப்பது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மனுகாவில், ஒரு பல் வைத்தியரின் அறைக்கு மேல்மாடியில். வாசிப்பது கடலுக்கு அப்பால் இருக்கும் அமெரிக்க மாநிலங்களின் சட்டமூலங்களை. அதாவது இன்னும் சட்டமாகாத வரைவுகளை. பெண்களின் உரிமை, சிவில் உரிமை ஆகியவற்றைத் தொடுகிற எதுவும் எந்த மாநிலத்திலாவது அசைந்தால், அங்கே இருக்கும் சங்கங்களுக்கு நாம் உடனே செய்தி அனுப்ப வேண்டும். இதை ஏன் ஆக்லாந்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று என் மருமகன் இன்றும் கேட்கிறான். காரணம் சூரியன். அந்த மாநில மன்றங்களின் கடைசி நாள் அமர்வு பெரும்பாலும் நள்ளிரவு வரை இழுக்கும். வில்லங்கமான திருத்தங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். அங்கே புதன்கிழமை நள்ளிரவு என்றால் இங்கே வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. அங்கே அரைத் தூக்கத்தில் கை உயர்த்தி நிறைவேற்றுவதை இங்கே நாம் தேநீரோடு, முழு விழிப்போடு வாசிக்கிறோம். அந்த விழிப்புக்குத்தான் சம்பளம்.

நான் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவன். இங்கே வந்து முதல் சில வருடங்கள் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். பிறகு இந்த வேலையும் கதிரையும் கிடைத்தன. சட்டம் வாசிக்கச் சொல்லி யாரோ காசு தருகிறார்கள் என்பதை முதல் மாதம் முழுக்க நம்பவே முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு கர்வமும் வந்தது. வந்த வேகத்தில் ஒரு பிழையும் விட்டேன்.

மீன்பிடி அனுமதிப்பத்திரம் பற்றிய சட்டமூலம் ஒன்று வந்தது. தலைப்பைப் பார்த்தேன், மீன் நமக்கு எதற்கு என்று பட்டியலிலிருந்து நீக்கினேன். அதன் பதினோராம் பக்கத்தில், வேலையிடத்தில் பாகுபாடு காட்டப்பட்ட பெண் முறைப்பாடு செய்வதற்கான கால அவகாசத்தைக் குறைக்கும் ஒரு வரி இருந்தது. அந்த ஊர்ச் சங்கம் அதைச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த மூத்த பெண்மணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த நாள் என் மேசையில் மீன் படம் போட்ட ஒரு டின் இருந்தது. மத்தியானம் பாணோடு சாப்பிடலாம் என்று திறந்தேன். உள்ளே பீச் பழத் துண்டுகள். லேபிளை மாற்றி ஒட்டியிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அதன் பிறகு தலைப்பை நம்பி எதையும் ஒதுக்கியதில்லை என்று எழுத ஆசை. அதுவும் முழு உண்மை இல்லை என்பது பின்னால் தெரியும்.

சுகன்யாவை உங்களுக்குத் தெரியாது. அவர் திருச்சிக்காரர், தகவல் ஒழுங்கமைப்பு படித்தவர். சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில் இங்கே சேர்ந்தார். நான் நாள் முழுக்கத் தேடியதைக் கால் மணியில் எடுத்துத் தந்துவிட்டு, “இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் சார், சும்மா ஞாபகப்படுத்துனேன்” என்பார். எனக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் “ஓம், பிள்ளை” என்று தலையாட்டுவேன். அலுவலகத்தில் என்னை எல்லோரும் நடமாடும் சட்டப் புத்தகம் என்றார்கள். எங்கள் மேலாளர் ரூத் தொடங்கிவைத்த பெயர் அது. பெரிய சிரிப்புக்காரர், தென்தீவுக்காரர். பெயர் நிலைத்துவிட்டது. நானும் அதற்கேற்ப நடமாடினேன்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே சுகன்யா கேட்டார்.

“சார், ஒரு டவுட்டு. எனக்கில்ல, ஒரு ஃப்ரெண்டுக்கு. மாசமா இருக்கா. வேலைல சேந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. லீவு கிடைக்குமா, வேலைய புடிச்சு வைப்பாங்களா?”

“எவ்வளவு காலமா வேலை செய்யிறா?”

“குழந்தை பொறக்கும்போது எட்டு மாசம் ஆயிருக்கும்.”

“அப்ப சரிவராது, பிள்ளை. ஒரு வருசம் முழுசா செய்திருக்கவேணும். அதுக்கு முதல் எண்டால் கேக்கிற உரிமை இல்லை. முதலாளி விரும்பினால் தரலாம், விரும்பாட்டி விடலாம்.”

“கன்ஃபார்மா சார்?”

“இண்டைக்குக் காலமை மட்டும் அஞ்சு தரம் வாசிச்சிட்டன்.”

அது உண்மைதான். ஐந்து தடவை வாசித்திருந்தேன். ஐந்தும் அமெரிக்க மாநிலங்கள்.

அந்த வாரம் முழுக்க மகப்பேற்று விடுப்பு பற்றிய சட்டமூலங்களிலேயே கிடந்தேன். ஒரு வருடம், ஒரு வருடம் என்று எல்லாவற்றிலும் ஒரே நிபந்தனை. நான் ஆக்லாந்தில் இருக்கிறேன், கேட்கிறவர் ஆக்லாந்தில் இருக்கிறார், அவருடைய சினேகிதியும் இங்கேதான் இருக்க வேண்டும் என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. வேறு தொழில் செய்கிற ஒருவன் “தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லியிருப்பான். எனக்குத்தான் தெரிந்திருந்ததே.

சுகன்யா ஏன் தானே தேடிப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பின்னாளில் நானும் கேட்டேன். “பக்கத்துல புத்தகமே உக்காந்திருக்கு, எதுக்கு சார் தேடணும்?” என்றார்.

அந்த மாதம் அவர் பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட் ஒன்றை ஹீட்டர் ஓடுகிற அறையிலும் கழற்றாமல் இருந்தார். திருச்சி வெயிலில் வளர்ந்த உடம்பு, ஆக்லாந்துக் குளிர் தாங்கவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் என்னுடைய கம்பளிக் கழுத்துத் துண்டையும் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். நெற்றியில் வியர்வை.

மே கடைசிச் சனிக்கிழமை, லின்ஃபீல்டில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. என் மனைவி அப்போது பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை. புட்டுக்கு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“எங்கட சென்டரில அந்த டொங்காப் பிள்ளை நேற்றோட லீவில போட்டா. கேக் வெட்டினனாங்கள். ஆறு மாசம் கழிச்சு வருவா.”

“எத்தினை வருசமா வேலை செய்யிறா?”

“வருசமோ? போன ஓகஸ்ட்டிலதான் வந்தவ.”

“அப்ப சென்டர்க்காரர் நல்ல மனுசர்.”

“நல்ல மனுசரோ? சட்டம், அப்பா. ஆறு மாசம் செய்தால் காணும். தேத்தண்ணி போடுற இடத்தில சுவரிலயே ஒட்டிக் கிடக்கு.”

கையைக் கழுவிவிட்டுப் போய்க் கணினியைத் திறந்தேன். அரசாங்கத்தின் பக்கம்தான். இரண்டு நிமிடம் பிடித்தது. ஆறு மாதம். எட்டு மாதம் வேலை செய்த பெண்ணுக்கு விடுப்பு உண்டு, திரும்பி வர வேலையும் உண்டு. நான் சொன்னதற்கு நேர்மாறு.

“ஏன் முகம் கறுத்துப்போச்சு?” என்றாள் மனைவி. சொன்னேன். சினேகிதி என்ற இடத்தில் என்னை நிறுத்தினாள்.

“எந்தச் சினேகிதி? அந்தத் திருச்சிப் பிள்ளை ஜாக்கெட்டைக் கழட்டிறேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“அது குளிருக்கு.”

“ரெண்டு பெத்தவளோட முப்பது வருசம் இருந்திட்டு, குளிருக்கு எண்டுறியள்.” அவள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். “அமெரிக்காவில இருக்கிற பொம்பிளையளுக்கு எல்லாம் காவல் நிக்கிறியள். பக்கத்துக் கதிரையில இருக்கிறவவுக்கு வாயில வந்ததைச் சொல்லியிருக்கிறியள். இப்பவே ஃபோனை எடுங்கோ.”

“திங்கட்கிழமை சொல்லுறன். உது முகத்தைப் பாத்துச் சொல்லவேணும்.”

“முகத்தைப் பாத்தோ? நீங்களோ?” என்று சொல்லிவிட்டு அவள் புட்டைப் பிசையத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை சுகன்யாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவருடைய மேசையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். பேனாவிடம்தான் சொன்னேன்.

“பிள்ளை, அண்டைக்கு உங்கட சினேகிதிக்குச் சொன்னது. ஒருக்கா வடிவா விசாரிக்கச் சொல்லுங்கோ.”

“எதை சார்?”

“பொதுவா. சட்டம் மாறிக்கொண்டிருக்கும்தானே.”

“அவ முடிவு பண்ணிட்டா சார். வேலைய விட்டுட்டு ஊருக்கே போறா. நல்லவேளை நீங்க முன்னாடியே சொன்னீங்க. இல்லன்னா மேனேஜர்கிட்ட கேட்டு அசிங்கப்பட்டிருப்பா. உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னா.”

நான் “ம்” என்றேன். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுகன்யாவின் வேலை விசா இந்த அலுவலகத்தோடு கட்டியது. கணவர் கார்த்திக்கின் விசா அவருடையதோடு கட்டியது. அவர் வேலையை விட்டால் இருவரும் போக வேண்டும், திரும்பி வரலாம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் “ம்” என்றேன்.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த வியாழக்கிழமை ஒரு மாநிலத்தின் அமர்வு முடிகிறது, அதுவரை அவருடைய மனத்தைக் குழப்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். கேட்க நல்ல காரணம்தான். அதற்கு உள்ளே இருந்தது வேறு. நடமாடும் சட்டப் புத்தகத்துக்குத் தன் சொந்த ஊரின் சட்டம் தெரியவில்லை, தேநீர்ச் சுவரில் ஒட்டியிருப்பது தெரியவில்லை என்பதை ஒரு இளம்பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது. களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிய வருடங்களில் எனக்கென்று ஒரு மரியாதையும் இருக்கவில்லை. கிடைத்த கொஞ்சத்தை விட மனம் வரவில்லை. அவ்வளவுதான். செவ்வாய் போனது. புதன் போனது. இரண்டு மாலையும் வீட்டில் என் மனைவி கதவைத் திறந்ததும் “சொல்லியாச்சோ?” என்றாள். இரண்டு மாலையும் நான் சப்பாத்தைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

வியாழன் வந்தது. அந்த மாநிலத்தில் அன்று நாங்கள் காத்திருந்த சட்டமூலம் ஒன்று, இங்கே மத்தியானம் ஆவதற்குள்ளேயே, இரண்டு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. மகப்பேற்று விடுப்புக்கு ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆறு மாதமாகக் குறைக்கும் சட்டமூலம். அந்த ஊர்ப் பெண்கள் சங்கம் பல வருடங்கள் அலைந்து பெற்றது. அவர்கள் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். ரூத் கீழே போய் எல்லோருக்கும் சூடான ‘பை’ பலகாரம் வாங்கிவந்தார். என் பங்கை நான் மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தேன்.

மாலை மூன்றரை மணி இருக்கும். அங்கே நள்ளிரவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். சுகன்யா கூப்பிட்டார்.

“சார், இந்தப் பழக்கடை பில்லுக்கு இப்பதான் ஒரு திருத்தம் வந்திருக்கு.”

சாலையோரப் பழக்கடைகளுக்கு அனுமதி வழங்குவது பற்றிய சட்டமூலம் அது. நான் நிமிரவில்லை. “பழக்கடையை விடுங்கோ, பிள்ளை.”

“விட்டுடுவேன் சார். ஆனா பழக்கடைக்கு எதுக்குப் பிரசவம்?”

டின்னுக்குள் இருந்த பீச் பழம் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. கதிரையோடு உருண்டு அவர் பக்கம் போனேன். பழக்கடைச் சட்டமூலத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு புதிய பந்தி இருந்தது. ஊழியர் தொகை குறைவாக உள்ள கடைகளும் அலுவலகங்களும் வீடுகளும் அன்று நிறைவேறிய விடுப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று அது சொன்னது. அதாவது, அன்று அந்த உரிமையைப் பெற்ற பெண்களில் பெரும்பாலானோர் நள்ளிரவுக்குள் அதை இழந்துவிடுவார்கள். ஒரு அவையில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. மற்ற அவைக்குப் போய்க்கொண்டிருந்தது.

விசைப்பலகையில் கை வைத்தேன். இப்படியான நேரத்தில் நான் மனப்பாடமாக எழுதுவேன். பிரிவு எண், பழைய சட்டத்தின் பெயர், யாருக்குப் பாதிப்பு, எல்லாம் விரலிலேயே இருக்கும். அதுதான் என் புகழ். அன்று விரல் அசையவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு என் ஞாபகத்தில் இருக்கும் எதையும் நான் நம்பவில்லை.

“நீங்கள் வாசியுங்கோ, நான் எழுதுறன்,” என்றேன். “ஒரு எண்ணையும் நான் ஞாபகத்தில இருந்து எழுத மாட்டன்.”

“டைம் இல்ல சார்.”

“இருக்கிற டைம் காணும்.”

அவர் வாசித்தார், நான் எழுதினேன். ஏழு நிமிடம் அதிகம் பிடித்தது. பிரிவு எண் வந்தபோது அதை மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன். நான் மனப்பாடமாக எழுதியிருந்தால் பக்கத்து மாநிலத்தின் எண்ணை எழுதியிருப்பேன். அந்தச் சங்கத்துப் பெண்கள் அந்த எண்ணோடு மன்றத்துக்குள் ஓடியிருப்பார்கள். அவசரத்தில் நாம் செய்யக்கூடிய மிக வேகமான காரியம், இன்னொருவரை உரக்க வாசிக்கச் சொல்வதுதான். இதை நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான்.

நிறைவேறிய சட்டத்தின் வரியையும் மேற்கோளுக்காக அவர் வாசிக்க வேண்டியிருந்தது. “ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றிய எந்தப் பெண்ணும்” என்ற இடத்தில் நிறுத்தினார்.

“சார், அங்க கூட ஆறு மாசம் ஆக்கிட்டாங்க. இங்க மட்டும் இன்னும் ஒரு வருஷமா?”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. களைப்பு மட்டும்.

“முதல்ல இதை அனுப்புவம். அனுப்பிப்போட்டுச் சொல்லுறன்,” என்றேன்.

செய்தியை அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தேன். அந்தச் சங்கத்தின் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மன்றத்தின் நடைவழியில்தான் நின்றார். வாசித்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, நன்றியும் சொல்லி, வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். சுகன்யாவின் கதிரை காலியாக இருந்தது. அதன் முதுகில் ஜாக்கெட் தொங்கியது. நான் அதை அப்படித் தொங்கி அதற்கு முன் பார்த்ததில்லை.

ரூத்தின் அறைக் கண்ணாடிக்கு அப்பால் சுகன்யா நின்றார். ஜாக்கெட் இல்லாமல், எல்லோருக்கும் தெரியும்படியான வயிற்றோடு. மேசையில் ஒரு வெள்ளை உறை. ரூத் அதைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். அதை ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன். பார்த்தவர்கள் வேறு பெயர் சொன்னார்கள். கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். அனுப்பிய செய்தியில் பிழை விட்டுவிட்டோம் என்று நினைத்து ரூத் எழுந்துவிட்டார்.

“அந்தக் கடிதத்தைத் திறக்காதீர்கள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு சுகன்யாவின் முகத்தைப் பார்த்து, பேனா எதையும் தேடாமல், தமிழில் சொன்னேன். “பிள்ளை, நான் உங்களுக்குச் சொன்னது பிழை. அது அமெரிக்காச் சட்டம். இஞ்ச ஆறு மாசம் காணும். உங்களுக்கு லீவு இருக்கு, வேலை இருக்கு. நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை.”

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மறதிக்காரக் கிழவன் என்று எல்லோரும் மன்னித்திருப்பார்கள். ஆனால் திறந்த வாய் மூட மறுத்தது.

“எனக்குச் சனிக்கிழமையே தெரியும்.”

“சனிக்கிழமையா சார்?”

“ஓம்.”

“திங்கக்கிழமை பொதுவா விசாரிக்கச் சொன்னீங்களே. அதுவா?”

“ஓம். அதுதான்.”

“தப்பாச் சொன்னது பரவால்ல சார்,” என்றார் சுகன்யா. “அது யாருக்கும் வரும். ஆனா திங்கக்கிழமை சாயந்திரம்தான் கார்த்திக் கார வித்தாரு. நேத்து வீட்டுக்காரங்ககிட்ட வீடு காலி பண்றோம்னு சொல்லியாச்சு. நான் பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டு அழுதேன். நீங்க அஞ்சு நாளா தெரிஞ்சுவச்சுக்கிட்டு, பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிச்சுட்டிருந்தீங்க.”

அவர் எப்போதும் டீ என்றுதான் சொல்வார். என் சொல்லை எடுத்துச் சொன்னது நன்றாக உறைத்தது.

ரூத்துக்குத் தமிழ் புரியாது. வயிற்றைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், சனிக்கிழமை உட்பட. அவர் உறையைத் திறக்காமலே சுகன்யாவிடம் திருப்பிக் கொடுத்தார். இந்த உலகத்தில் இந்த ஒரு அலுவலகத்தில் மட்டும் இது நடக்கக் கூடாது என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். சுகன்யா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். விடுப்புக்கான கடிதத்தை எப்படி எழுதுவது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு தடவை சரிபார்த்தார்கள், நியூசிலாந்துப் பக்கம்தானா என்று. நான் வாசலில் நின்றேன். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில் தொலைபேசி அடித்தது. அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. சங்கத்துப் பெண்கள் மற்ற அவையில் இரண்டு உறுப்பினர்களைப் பிடித்திருந்தார்கள். அவர்கள் நேரத்தை இழுப்பதற்காகப் பழக்கடைகளைப் பற்றி எழுந்து கேள்வி கேட்டார்கள். தர்ப்பூசணி பழமா காய்கறியா என்பதுவரை கேட்டார்களாம். தலைவர் மணியைப் பார்த்தார், சுத்தியலைத் தட்டினார், அமர்வு முடிந்தது. பழக்கடையும் அதற்குள் ஒளித்துவைத்த திருத்தமும் வாக்கெடுப்புக்கு வராமலே கிடந்து போயின. நான் செய்தியைச் சொன்னேன். சுகன்யா ரூத்தின் அறையிலிருந்தபடியே, “தர்ப்பூசணியா?” என்றார். அப்போதுதான் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தர்ப்பூசணிக்குச் சிரித்தார்.

வீட்டுக்காரர் நல்லவர், வேறு ஆள் பார்க்கவில்லை, தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். கார்தான் போனது போனதுதான். வாங்கியவன் அதை உடனே ஹமில்டனுக்கு ஓட்டிப்போய்விட்டான். கார்த்திக்கின் வேலை ஈஸ்ட் டாமாக்கியில், அதிகாலைக்கு ஒருவர் அவரை ஏற்றிப்போனார். சுகன்யா இருந்தது எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. அன்றைய மாலையே என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “காலமை எத்தினை மணிக்கு அந்தப் பிள்ளையை ஏத்தப் போறியள்?” என்றாள். ஏற்றலாமா என்று கேட்கவில்லை.

முதல் வாரம் காரில் ஏறியதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாம் வாரம், நெடுஞ்சாலையில் ஒரு இடத்தில் என் வேகத்தைப் பார்த்துவிட்டு, “சார், இங்க ஸ்பீட் லிமிட் எவ்வளவு?” என்றார். சொன்னேன். “எந்த ஊர்ல சார்?” என்றார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நாளைக்கு மழை என்றால் எந்த ஊரில். தக்காளி விலை ஏறிவிட்டது என்றால் எந்த ஊரில். என் மனைவி இடியப்பம் கட்டித் தந்ததைச் சொன்னால், “எந்த ஊருக்கு சார்?” ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனபோது மஞ்சள் தாள் திரையின் கீழே ஒட்டியிருந்தது. நான் கழற்றவில்லை. ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் முன் அதைப் பார்த்தேன். எத்தனை தடவை அது என் பிழையைப் பிடித்தது என்று எண்ணவில்லை.

அக்டோபரில் பெண் குழந்தை. ஏப்ரலில் அவர் திரும்பி வந்தார், அதே கதிரைக்கு. இப்போது வெலிங்டனில் இருக்கிறார். இந்த நாட்டுச் சட்டமூலங்களை வாசிக்கிற வேலை. அவருடைய குழந்தை என்னோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில்தான் கதைக்கும். நான் அங்கே மழையா என்று கேட்டால் மட்டும் தமிழில் “எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

பிழை விடுவீர்கள். இந்த வேலையில் ஐம்பது ஊர்களின் சட்டம் உங்கள் தலையில் ஏறும்போது, நிற்கிற ஊரின் சட்டம் வெளியே விழும். அது விழுந்ததற்காக நான் வெட்கப்படவில்லை. தெரிந்த பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த “ம்” இருக்கிறதே, அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன். சுகன்யா என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்டால் “எதுக்கு சார்?” என்பார். எதற்கு என்று நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால்தான் எழுதினேன். உங்களுக்குத் தருவதற்கு முன் இதை அவருக்கு அனுப்பி, பிழை இருந்தால் திருத்தச் சொன்னேன். இரண்டு நாளில் திருப்பி அனுப்பினார். தர்ப்பூசணி வருகிற இடத்தில் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தார். மற்றபடி ஒரே ஒரு திருத்தம்தான். நான் உண்மையை மறைத்த காலத்தை முதலில் “இரண்டொரு நாள்” என்று எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் “சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்” என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்.

திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன்.